அமல்ராஜின் பாதி

நம்பினால் நம்புங்கள், இது நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு துணை மின்நிலையம். ரேணுகா அங்கே அரசுப் பொறியாளர். கம்ப்யூட்டர் வழியாக யாரும் புகுந்து கரண்டை நிறுத்திவிடாமல் காவல் காக்கத் தனியார் கம்பெனி அனுப்பிய ஆள் அமல்ராஜ். உள்ளே நுழையும் பாஸ்வேர்டு இரண்டு பாதி. அவளிடம் ஒன்று, அவனிடம் ஒன்று. இரண்டும் தப்பான கைக்குப் போனால் பிரசவ ஆஸ்பத்திரி முதற்கொண்டு இருண்டுவிடும். அதனால் மேஜை போனில் மற்றவர் குரலைக் கேட்காமல் யாரும் தன் பாதியைப் போடக்கூடாது. அந்த விதியை எழுதியதே அமல்ராஜ்தான். இரண்டு வருஷமாக ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்.

அந்த வாரம் அவன் வரவில்லை. “காய்ச்சல். வீட்ல இருந்தே பார்ப்பான்” என்றார் கம்பெனி மேனேஜர் சண்முகசுந்தரம். திரையில் மெசேஜ் வந்தபடிதான் இருந்தது. அவள் மகளின் பரீட்சையைக்கூட விசாரித்தான். எப்போதும் ‘யக்கா’ என்பவன் ‘மேடம்’ என்று எழுதினான். காய்ச்சல்காரன்தானே என்று விட்டுவிட்டாள்.

வியாழன், மதியம் 3:12.

“அவசரம் மேடம். என் பாதி போட்டுட்டேன். உங்க பாதி போடுங்க.”

“போன் பண்ணு அமல்” என்று தட்டினாள்.

“தொண்டை கட்டியிருக்கு. பேச முடியல.”

பாவமாக இருந்தது. அமல்தானே... தன் பாதியின் ஆறு எண்ணில் மூன்றைப் போட்டுவிட்டாள்.

3:14. டிர்ர்ர்ங்... மேஜை போன்.

“யக்கா, கைய எடு.”

அவன் குரல். தெளிவாக.

“அமல்? பேச முடியலன்னியே...”

“அங்க கீறது நா இல்லக்கா.”

திரையில் எழுத்து ஓடியது... “இன்னும் மூணுதான் மேடம்.”

காதில் அவன் மூச்சு...

நெட் வயரைப் பிடுங்கினாள்.

போன் அடங்கியது.

சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் அவன் வீட்டுக்கு ஓடினாள். சுவரில் மாலை போட்ட போட்டோ.

“ஞாயித்துக்கெழமையே பூட்டாருக்கா” என்று அழுதாள் மனைவி சுலோசனா. “ஒங்க ஆபீசுக்கு நாங்களே சொல்லிடுறோம்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்களே... நீ வரலியேன்னு நெனச்சுகினு இருந்தேன்.”

அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போய்க் கேட்டதும் சண்முகசுந்தரம் தலை குனிந்தார். “ஆள் இல்லன்னா ஒப்பந்தம் போயிடும் மேடம். அவன் பேர்ல வேற ஒருத்தனை உட்கார வெச்சோம். இப்ப அவனைக் காணோம்.”

கூடச் சாப்பிட்டவன் செத்ததை மறைத்து, அவன் பெயரிலேயே ரேணுகாவிடம் நலம் விசாரித்திருக்கிறார்கள். துரோகிகள்.

மறுநாள் போன் மெக்கானிக் வேம்புலி வயரை இழுத்துப் பார்த்தார்.

“இன்னா மேடம், இதுல எப்டி மணி அடிக்கும்? கம்பெனிக்காரங்க திங்கக்கெழமையே லைன கட் பண்ட்டாங்களே.”