சாலமோன் அடித்த மணி

உலகத்திலேயே அதிகமான பாட்டுக் கச்சேரி கேட்ட மனிதர் எங்கள் திருவொற்றியூரில்தான் இருந்தார். பெயர் ஆசீர்வாதம். ராயபுரத்தில் மேடை போட்டாலும் சரி, எண்ணூர் முகத்துவாரக்குப்பத்து மணலில் போட்டாலும் சரி, முதல் தபேலா அடி இவர் காதுக்கு வந்து அனுமதி வாங்கிக்கொண்டுதான் மற்றவர்கள் காதுக்குப் போகும். கடல் அலை தாளம் தப்பினால் இவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அலை வெட்கப்பட்டுப் பின்வாங்கி மறுபடி முதலிலிருந்து வரும். மணலிப் பக்கத்து ஆட்களின் இருமலில் சுருதி பார்த்தே அன்றைக்கு எந்தப் புகைபோக்கி அதிகம் கக்கியது என்று சொல்லிவிடுவார். நம்பாதவர்கள் மஜீது பாயைக் கேட்கலாம். அவர் என்னைவிடப் பெரிய புளுகர்.

மஜீது பாய் காலடிப்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். கடை வாசலில் உடைந்த ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைப் படுக்கப் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் சபை அதன்மேல்தான் கூடும். அந்த வாரம் நடந்த கச்சேரியைப் பிரித்து மேய்வோம். பாய்க்கு மைதானம்தான் முக்கியம். மதில் உள்ள மைதானத்தில் சத்தம் திரும்பி வந்து பாடகனையே கடிக்கும் என்பார். குப்பத்து மணலில் மேடை போட்டால் கடல் காற்று பாட்டைத் தூக்கிப்போய் மணலியில் கொட்டிவிடும் என்பார். பச்சையம்மாவுக்குப் பாடகிகள்தான் முக்கியம். கச்சேரி தவறாமல் கூடையோடு போய்ச் சுண்டல் விற்பவள் அவள். எந்தப் புடவை எந்த மேடையில் எத்தனாவது முறை வந்தது என்பது வரைக்கும் தெரியும். நான் தீனா. அப்போது வயது பதினேழு. பத்தாவதில் கணக்குப் பாடத்தை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அது என்னைத் தோற்கடித்த பிறகு லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சபைக்கு என் பங்கு பொய்கள்.

ஆசீர்வாதம் இருபது வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். கப்பல் சங்கிலி செய்யும் கம்பெனி ஒன்றில் முப்பது வருஷம். கம்பெனி மூடும் முன்னாலேயே மனைவி தவறிப்போய்விட்டார். மூடிய பிறகு எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். கேட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று இவரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கேட்டுக்கு உள்ளேயே ஓர் அறை. பிள்ளை கிடையாது. சொந்தக்காரர்கள் தபாலில் இருந்தார்கள், அதுவும் கிறிஸ்துமஸுக்கு மட்டும்.

அந்த கேட்டில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். ராத்திரி மணிக்கு மணி அதைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். கம்பெனி நின்றும் அந்தச் சட்டம் நிற்கவில்லை. பின்பக்கக் குவார்ட்டர்ஸில் மேனேஜர் ஒருவர் மிச்சம் இருந்தார். மணி விழுந்துகொண்டிருந்தால் தூங்குவார், விழாவிட்டால் எழுந்து வந்துவிடுவார். அப்படியிருக்க நீர் எப்படிக் கச்சேரிக்கு வருகிறீர் என்று பாய் ஒருநாள் கேட்டதற்கு, ராத்திரிக்கு மாற்று ஆள் இருக்கிறான், பெயர் சாலமோன் என்றார் ஆசீர்வாதம். அதிலிருந்து சாலமோன் கதைகளும் எங்களுக்குக் கிடைத்தன. சாலமோன் மூன்று ஆள் சோறு தின்பான். சாலமோன் குறட்டை உச்ச ஸ்தாயி. சாலமோனுக்குப் பேயென்றால் பயம். நாங்கள் யாரும் சாலமோனைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவ்வளவு நன்றாகச் சொல்வார்.

கச்சேரி பற்றிச் சொல்வது அதைவிட நன்றாக இருக்கும். ஒருமுறை காலடிப்பேட்டைக் கச்சேரியில், இடைவேளைக்குப் பிறகு தபேலாக்காரன் இடது கையில் ஒரு விரலை உபயோகிக்கவில்லை, அடிபட்டிருக்க வேண்டும் என்றார். நாங்கள் சிரித்தோம். பாய் மட்டும் சிரிக்கவில்லை. அந்த விரலுக்குப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டதே பாய்தான். மேடைக்குப் பக்கத்திலேயே நின்ற எனக்கு அது தெரியவில்லை.

பச்சையம்மாவுக்கு மட்டும் ஓர் உறுத்தல் இருந்தது.

"மைதானம் முச்சூடும் கூடையோட சுத்திகினு கீறேன். ஒரு நாளாவது என் கண்ணுல பட்டியா நைனா?"

"நீ சுண்டல் திங்கிறவன் மூஞ்சியத்தான் பாப்ப. எனக்கு வாயுத் தொல்லை."

2002 ஆடி முதல் வெள்ளி, கூழ் ஊற்றிய கையோடு காலடிப்பேட்டை அம்மன் கோயிலில் கச்சேரி. கம்பெனி அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. கமிட்டிக்காரர்கள் குழாய் ஸ்பீக்கர்களைக் கம்பத்துக்குக் கம்பம் கட்டிக்கொண்டே போவார்கள். கடைசிக் குழாய் கம்பெனி கேட்டுக்கு எதிர்க் கம்பத்தில். எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆசீர்வாதம் கச்சேரியில் இருப்பார், கேட்டில் சாலமோன் தனியாக இருப்பான், பேயென்றால் பயம். வண்ணாரப்பேட்டையில் வாங்கிய பட்டாசுச் சரம் ஒன்றின் திரியை நீளமாக்க, பட்டறையில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் நூலைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். பற்றவைத்துவிட்டு முனை வரை ஓட நேரம் வேண்டுமே.

கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். சாலமோன் இல்லை. ஆசீர்வாதம் நாற்காலியை எதிர்க் கம்பத்தைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி, காலி. கழுவிக் கவிழ்த்த தட்டு ஒன்று, தம்ளர் ஒன்று. குழாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாட்சைப் பார்த்தார், எழுந்தார், சுத்தியலை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கத்தில் போய் நின்றார். அடிக்கவில்லை. பாட்டு முடிகிற வரை, மூன்று நாலு நிமிஷம், சுத்தியலைக் குழந்தையைப் போல இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றார். குழாயில் கைதட்டல் வந்த பிறகுதான் பத்து அடித்தார். அடித்துவிட்டு அவரும் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு காலி நாற்காலியைப் பார்த்து ஏதோ சொன்னார்.

நான் சரத்தைக் கேட்டோரமாக வைத்துவிட்டு வந்துவிட்டேன். எதற்கு வைத்தேன் என்று கேட்டால் தெரியாது. கையில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஒரே வரியில் அவரைக் கவிழ்த்துவிடும் ஏற்பாட்டோடுதான் போனேன். நாக்கு நுனியில் இருந்தது. அவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். வாரம் முழுக்கக் காக்கியில் கிடக்கும் மனிதர் அந்த ஸ்பீக்கர் பெட்டிக்காக மட்டும் சட்டைக்கு இஸ்திரி போடுகிறார் என்பது அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. வரியை விழுங்கிவிட்டு டீயைக் குடித்தேன்.

ஆனால் பச்சையம்மா விழுங்குகிற ஆள் இல்லை. அடுத்த வெள்ளிக்கும் அதே கோயிலில் கச்சேரி. அன்றைக்கு இவர் வந்திருந்தார் என்று தனக்கு நம்பிக்கை வராவிட்டால், இதுவரை சொன்னதெல்லாம் புளுகு என்று அர்த்தம் என்றாள். "அப்பால இந்தப் பொட்டி மேல குந்தாத நைனா." எல்லோரும் சிரித்தோம். ஆசீர்வாதம் எங்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கேட்டுக்குப் போனேன். கமிட்டிப் பையன்களின் பைக் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன், வெள்ளிக்கிழமை கச்சேரியில் என்னைப் பிடித்துத் தோலை உரிக்கத் தேடுகிறார்கள், அன்று ராத்திரி மட்டும் சாலமோன் அண்ணனிடம் சொல்லி என்னை உள்ளே உட்கார வையுங்கள் என்றேன். சொல்லும்போது இரண்டு தடவை தெருமுனையைத் திரும்பிப் பார்த்தேன். பொய்க்குக் கழுத்தும் முக்கியம்.

சாலமோன் ஊருக்குப் போயிருக்கிறான் என்றார்.

"அப்ப நானே சாலமோனா இருந்துட்டுப் போறேன் நைனா. நீ கச்சேரிக்குப் போ."

"மணி அடிக்கணும்."

"கணக்குலதான் ஃபெயிலு. பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்."

அவர் தண்டவாளத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்துவிட்டு, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை இஸ்திரிச் சட்டையோடு கிளம்பிப் போனார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, சுத்தியலை நடுவில் பிடி, நுனியில் பிடித்தால் கை அதிரும் என்று சொல்லிவிட்டு மறுபடி போனார். நான் காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரும் முன் தூசி தட்ட வேண்டியிருந்தது. முற்றத்தில் துருப்பிடித்த சங்கிலிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஒவ்வொரு கண்ணியும் என் தலைப் பெரிசு. குழாயில் அறிவிப்பாளர் ஜோக் சொன்னார். அங்கே ஆயிரம் பேர் சிரித்தார்கள். இங்கே நான் சிரித்தது சுவரில் பட்டு எனக்கே கேட்டது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கம்பெனி மூடிய பிறகு இந்த மனிதர் மூன்று வருஷம் எப்படிச் சமாளித்தார் என்று நினைத்தேன். சாலமோன் இல்லாமல் முடியாது என்று தெரிந்தது.

பத்து மணி சுலபமாகப் போனது. அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு ஒரு பெண் மெதுவான பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தாள். சுத்தியலைத் தூக்கினேன். இறக்கினேன். பாட்டு நான் நினைத்ததைவிட நீளம். முடிந்ததும் கைதட்டல் முதலில் குழாயில் வந்தது, அதன் பின்னாலேயே கோயில் பக்கத்திலிருந்து காற்றிலும் வந்தது. பதினொன்றையும் அடித்தேன்.

கச்சேரி முடியும் முன்பே அவர் திரும்பிவிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன். கூட்டம் என்றார். சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு மதியம் பச்சையம்மா காலை மடித்துக்கொண்டு முதலாவதாக உட்கார்ந்திருந்தாள். சொல்லு நைனா என்றாள். அவர் சொன்னார். பின்னால் ஜெனரேட்டர் பக்கம்தான் இடம் கிடைத்ததாம். முன்னால் வெறும் முதுகுகள். டீசல் நாற்றம். மேடை தீப்பெட்டி அளவு தெரிந்ததாம். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லையாம். பாட்டு? பாட்டெல்லாம் நன்றாகத்தான் பாடியிருப்பார்கள் என்றார். முதல் தடவையாக அவர் உண்மை சொன்னார். முதல் தடவையாகக் கேட்க ஒன்றுமே இல்லை.

"தபேலாக்காரன் விரல சொன்ன மனுசன், இன்னிக்கு முதுகு சொல்லிகினு கீறான்," என்று பாயைப் பார்த்தாள் பச்சையம்மா. "இவுரு வரல பாய்."

ஆசீர்வாதம் பெட்டியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"வந்தாரு," என்றேன். "ஜெனரேட்டராண்ட நானும்தான் நின்னுகினு இருந்தேன். ரெண்டு பேரும் ஒண்ணாதான் வேர்க்கடலை தின்னோம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேர்க்கடலை அவளுக்குப் போட்டிக் கடைச் சரக்கு. கோபத்தில் சந்தேகம் மறந்துபோயிற்று. குந்து நைனா என்றாள்.

கலைந்த பிறகு அவர் என்னோடு நடந்தார். இரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றோம்.

"எந்தப் பாட்டுலலே என்னைப் பாத்த?" என்றார். ஊர்ப் பேச்சு அவருக்கு எப்போதாவதுதான் வரும்.

"அந்த மெதுப் பாட்டு. பொம்பள பாடிச்சே."

"அப்ப மணி பதினொண்ணு. நான் வாட்சைத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். பாட்டு ஒண்ணும் காதுல ஏறல. மணி விழல. தூங்கிட்டான் பய, மேனேஜர் வந்துருவாருன்னு நடக்க ஆரம்பிச்சுட்டேன். பாட்டு முடிஞ்சு, சனங்க கை தட்டி ஓஞ்ச பொறவு விழுந்துச்சு பதினொண்ணு."

கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் சத்தத்தில் தப்பித்துவிடலாம் என்று பார்த்தேன். கடைசிப் பெட்டி போகும் வரை அவர் காத்திருந்தார்.

"கமிட்டிப் பயலுவகிட்டயும் கேட்டேன். யாரு டயர்லயும் காத்து போகல." சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். "பாட்டு நடுவுல அடிக்கக் கூடாதுன்னு நான் உனக்குச் சொல்லல. சாலமோனும் சொல்லியிருக்க முடியாது."

உள்ளங்கையை விரித்தார். சரம். ஆடித் தூறலில் நனைந்து காகிதம் வெளுத்திருந்தது. திரியில் சுற்றிய வேஸ்ட் நூலில் பட்டறை எண்ணெய் இன்னும் கறுப்பாக இருந்தது.

"அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை," என்றார், "எவ்வளவு நேரம்லே கேட்டாண்ட நின்ன?"