லில்லி வீட்டு ஜெபச் சட்டம்

லில்லி போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் போன் பண்ணினாள். "ஆன்ட்டி, அம்மா..." என்றாள். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவள்தானாம், தூக்கத்திலேயே போய்விட்டாள்.

கீரிப்பாறை எஸ்டேட் ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. நாகர்கோவிலில் இருந்து ஒரே பஸ், ஒரே சீட். ரிட்டயர் ஆகும்வரைக்கும் ரப்பர் பால் வாடை எங்கள் சேலையை விட்டுப் போனதே இல்லை. "நமக்கு இதுதாம்ட்டி சென்ட்" என்பாள்.

ஜன்னல் சீட்டை மட்டும் எனக்குத் தரவே மாட்டாள். பஸ் மலை ஏறும்போது என் தோளில் சாய்ந்து நல்ல உறக்கம். எழுப்பினால், உறங்கவில்லை, கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன் என்று சாதிப்பாள்.

இறந்தவளைப் பற்றி இப்படியா எழுதுவது என்று யாரும் கேட்க வேண்டாம். லில்லி இருந்தால் இதைத்தான் முதலில் லைக் பண்ணுவாள்.

ஜெபம் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்...

என் வீட்டுக்காரர் எட்வின் மஸ்கட் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்த புதிது. லீவுக்கு வருகிற மனுஷன் வேறு, வீட்டிலேயே இருக்கிற மனுஷன் வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுக்களையில் என் டப்பாக்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தார். நல்லமிளகு இருந்த இடத்தில் சீரகம். நான் எவ்வளவு பொறுமைசாலி என்பது என் ஃபிரண்ட் லிஸ்ட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

பகலில் முகம் பார்க்க மாட்டோம். சாயந்திரம் குடும்ப ஜெபத்தில்தான் சண்டை. பாட்டுப் பாடி, வேதம் வாசித்து, முழங்கால் போட்டு... அப்புறம் ஆண்டவரை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு அடி.

"ஆண்டவரே, இந்த வீட்ல பாத்திரத்த டமார்னு வைக்கிறவங்களுக்குச் சாந்த குணத்தைத் தாரும்" என்பார் அவர்.

"ஆண்டவரே, கேக்காம புத்தி சொல்லுகிறவங்க வாயைக் கொஞ்சம் அடக்கி வையும்" என்பேன் நான். கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு, பேசாமல் சாப்பிடப் போவோம்.

அந்தச் சமயம் பார்த்து மஸ்கட்டில் பழைய கம்பெனி மறுபடியும் கூப்பிட்டது. "நான் போயிருதேன். உனக்கும் நிம்மதி" என்று பாஸ்போர்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டார்.

போங்க என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, உள்ளே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் பெருமழை. அவள் ஊரான இராஜாக்கமங்கலத்துக்குப் பஸ் வரவில்லை என்று லில்லி எங்கள் வீட்டில் தங்கினாள். ஜெபத்துக்கு அவளும் உட்கார்ந்தாள். எங்கள் கச்சேரி வழக்கம்போல் நடந்தது.

பாதியில் களுக்கென்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்து பார்த்தால், லில்லி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.

"கோவப்படாதிங்க அண்ணா. எங்க வீட்லயும் இதே கததான். பிள்ளைகளும் சேந்து பராதி சொல்லி, ஜெபம் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆயிப்போச்சு. பிறவு ஒரு சட்டம் போட்டோம். பராதி, குத்தங்குறை சொல்லணும்னா அவனவன் தன்னப் பத்தித்தான் சொல்லணும். அடுத்த ஆளப் பத்திச் சொன்னா நன்றி மட்டுந்தான்."

"நன்றி சொல்ல ஒண்ணும் இல்லன்னா?" என்றேன்.

"தேடிப் பாருட்டி, கிட்டும்."

மறுநாள் எங்கள் வீட்டிலும் சட்டம் அமல். "ஆண்டவரே, எத்தனையோ தடவ சொன்ன பிறகாவது இவரு கேஸ் சிலிண்டர் புக் பண்ணினாரே, அதுக்கு ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தேன். பஸ்ஸில் இதைச் சொன்னதும், "இது நன்றி இல்லட்டி, குத்து" என்று லில்லி சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் உண்மையாகவே தேடிப் பார்த்தேன். கிடைத்தது. "காலைல நான் பஸ்ஸுக்கு ஓடுத நேரத்துல இவரு சோறு கட்டித் தாராரு, ஸ்தோத்திரம்" என்றேன்.

அடுத்து அவர் முறை.

மெதுவாக, "ஆண்டவரே, எனக்க மேலதான் எனக்குப் பராதி. திரும்பப் போக எனக்கு இஷ்டமில்ல. இந்த வீட்ல எங்க இருக்கணும், என்ன செய்யணும்னு ஒண்ணும் தெரியல்ல. அதான் டப்பாவ மாத்தி மாத்தி வைக்கேன்" என்றார்.

ஆமென் சொன்ன கையோடு பாஸ்போர்ட் பீரோவுக்குள் போனது. டப்பாக்கள் அவர் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, நான் இன்றைக்கும் சீரகத்தைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லில்லியைப் பெரிய பக்தை என்று நினைத்துவிட வேண்டாம். அவள் போட்ட சட்டத்தை அதிகம் மீறினவள் அவள்தான். ஜெபத்தில் பராதி வாய்வரை வந்துவிட்டால் இருமி விழுங்குவாளாம். "நான் இருமுனா எங்க வீட்ல எல்லாரும் பயப்படுவாங்க, கேட்டியா" என்று பெருமையாகச் சொல்லுவாள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எட்வின் பின்னால் வந்து நின்று வாசித்தார். வீட்டு விஷயத்தை ஏன் ஃபேஸ்புக்கில் போடுகிறாய் என்று சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"போடு. அன்னைக்கு லில்லி சிரிக்கல்லன்னா, நான் இப்பமும் மஸ்கட்ல ஏதாவது ரூம்ல ஒத்தைக்கு குப்பூஸ் ரொட்டி தின்னுட்டு கெடப்பேன்" என்றார். சட்டையைத் தேய்க்கிறேன் என்று உள்ளே போய்விட்டார். அங்கே போய் அழுகிறார்.

அடக்கத்துக்குச் சேர்ந்து கிளம்புகிறோம்.

பைய போ மக்கா... உனக்க அண்ணன் எங்கயும் போவல்ல, இங்கதான் இருக்காரு.