லியோன்டினின் கட்டைவிரல்

முதலில் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றுவார். வலது கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைப்பார். பிறகு வண்டியின் பின்சக்கரத்தருகே குந்தி, டயரின் விலாவில் அந்த விரலை வைத்து அழுத்திக் கண்களை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. பக்கத்தில் வேறு வண்டி உறுமினால் புருவம் நெரியும். நாடி பார்க்கிற வைத்தியர்கூட இவ்வளவு அமைதியைக் கேட்டிருக்க மாட்டார். கடைசியில் கண்ணைத் திறந்து தீர்ப்பு வழங்குவார்.

"ஒரு பொட்டு கூட இருக்கு. இறக்கு."

காற்றை இறக்குவது மச்சினன் சபினின் வேலை. பம்ப், வால்வு, ஸ்பேனர் போன்ற அற்பப் பொருள்களில் லியோன்டின் கைவைப்பதில்லை. வாரம் முழுக்க மரமில்லில் ரம்பம் ஓட்டுவார். ஞாயிறு வந்தால் மலையில் கரடுமுரடான மண்பாதைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். காற்றை அளக்கிற கேஜ் ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. கேஜ் பொய் சொல்லும், தோல் சொல்லாது என்பது அவர் கட்சி.

இந்த விரலின் மகிமை வாலியா ரெச்சே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். ஆற்றங்கரைக் கற்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. டயர் இளகி இருந்தால்தான் ஈர வேரைக் கட்டிப்பிடிக்கும் என்று லியோன்டின் காற்றைக் குறைத்துக்கொண்டே போவார். வேர் வரைக்கும் அது சரி. வேரைத் தாண்டியதும் கல். இளகிய டயர் கல்லில் மோதி அமுங்கும். உள்ளே இருக்கிற டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கும். பாம்பு கடித்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை. சபின் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு ஓட்டைகளையும் விரித்துக் காட்டுவான். ஒருமுறை மழையின் குற்றம் என்பார் லியோன்டின். இன்னொரு முறை டியூப் செய்தவனின் குற்றம். விரல் எப்போதும் நிரபராதி.

பஞ்சராகி மலையிலிருந்து போன் வந்தால் புது டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறுகிறவன் சபின்தான். அதனால் அவனுக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"மாமா, ஒரு பார் அழுத்தத்துக்குக் காத்து வச்சுப் பாருங்களேன்."

"ஒரு பார் வச்சா வேர் மேல ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும்டா."

"அப்போ மூஸ் போட்டுருவோம். டியூபும் இல்ல, காத்தும் இல்ல. முழுசும் நுரை ரப்பர் வளையம். பஞ்சருங்கிற பேச்சே கிடையாது."

"சோபாக்குள்ள திணிக்கிறதை என் டயருக்குள்ள திணிக்கச் சொல்றியா? காத்தே இல்லேன்னா அப்புறம் என் விரலுக்கு என்னடா வேலை?"

நியாயமான கவலைதான்.

அந்த வருஷ ஈஸ்டர் விருந்தில், சொந்தக்காரர் அத்தனை பேரும் ஆட்டுக்கறியில் கை வைத்திருந்த வேளையில், மனைவி வெத்தூரியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. புனித எலியாஸ் திருநாள் வண்டிப் பந்தயத்துல இந்த மனுஷன் ஒரு வருஷமாவது கடைசிக் கோட்டைத் தொட்டிருக்காரா? இந்த வருஷமும் என் தம்பிதான் போய்த் தூக்கிட்டு வரணும்னா, வண்டியை வித்துட்டுப் புல்லறுக்கிற மெஷின் வாங்கப் போறேன். சத்தியம்."

மாமியார் சிலுவை போட்டுக்கொண்டார். லியோன்டின் சிரித்தார். அன்று இரவு கொட்டகைக்குப் போய் வண்டியின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். புல்லறுக்கும் மெஷினில் மலையேற முடியாது என்று அவருக்குத் தெரியும்.

திருநாளுக்கு முந்தின வாரம், பேரிங் கரகரக்கிறது என்று சபின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு போய், சரிசெய்து கொண்டுவந்து மாட்டினான்.

பந்தயத்தன்று க்ளூஜ் நகரத்துப் பல் டாக்டர் ஒவிடியு பக்கத்து வண்டிக்காரராக அமைந்தார். கையில் எண் மின்னும் கேஜ். லியோன்டினின் தியானத்தை மரியாதையாக முடியவிட்டுத்தான் கேட்டார்.

"அண்ணே, உங்க விரலுக்குப் பேட்டரி எப்போ மாத்தினீங்க?"

"டாக்டர், உங்க மெஷின் உங்களுக்குச் சொல்லுது. என் டயர் எனக்கே சொல்லுது."

டாக்டர் சபின் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த முன்பல் இடுக்கை எப்போ வந்து அடைச்சுக்கப் போற?"

"வேண்டாம் டாக்டர். இப்போதைக்கு அது உபயோகத்துல இருக்கு."

பாதி வழியில், ஆற்றுப்படுகைக்கு முன்னால், லியோன்டின் வண்டியை நிறுத்தினார். கையுறை, நாக்கு, விரல். இங்கேதான் ஒவ்வொரு வருஷமும் கதை முடியும்.

"வெயில்ல காத்து விரிஞ்சிருக்கு. இறக்கு."

அங்கே முன்னதாகவே வந்து காத்திருந்த சபின் வால்வின் மேல் கவிழ்ந்தான்.

"ஸ்ஸ்ஸ்ஸ்…"

"போதும்!"

"போதும் மாமா."

படுகையில் கற்கள் வழக்கம்போல் காத்திருந்தன. லியோன்டின் ஒவ்வொரு இடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு, பின்சக்கரம் எப்போது தொய்யும் என்று இடுப்பால் கேட்டுக்கொண்டே போனார். தொய்யவில்லை. நடுப்படுகையில் டாக்டர் சக்கரத்தை மடியில் போட்டுக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். லியோன்டின் வேகத்தைக் குறைத்து, ஹேண்டில்பாரிலிருந்து கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கடைசிக் கோட்டில் வெத்தூரியா அவர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவள் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"சரி, வண்டி இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் கேஜுக்கு மதிப்பில்லை. இலையுதிர்காலம் முழுக்க, மதுக்கடை வாசலில் லியோன்டின் வகுப்பெடுத்தார். வளர்ந்த ஆம்பிளைகள் கட்டைவிரலை நக்கிக்கொண்டு அடுத்தவன் டயரின் பக்கத்தில் குந்தினார்கள். பஞ்சர்கள் கணிசமாகக் கூடின. "விரல் பழகணும்" என்று லியோன்டின் பொறுமையாகச் சொல்வார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பன்றி அடிக்கிற நாளில், லியோன்டின் குடல் கழுவப் போயிருந்த சமயம், பிளம் சாராயம் ஏறிய சபின் வாயைத் திறந்தான். அன்று கழற்றிக்கொண்டு போன சக்கரத்தில் பேரிங்குக்கு ஒரு குறையும் இல்லை. டியூபை உருவிவிட்டு மூஸை இறக்கியிருக்கிறான். பழைய டியூபிலிருந்து வால்வை வெட்டி, ரிம் ஓட்டையில் பசை போட்டு நிறுத்தி, நட்டையும் முறுக்கியிருக்கிறான். படுகையில் கேட்ட "ஸ்ஸ்ஸ்ஸ்" அவனுடைய முன்பல் இடுக்கிலிருந்து வந்தது. லியோன்டினின் விரல் இன்றைக்கும் காற்றில்லாத டயரில் காற்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.

மூஸ் வாங்கியது சபின் இல்லை. வாத்துகளை விற்று வெத்தூரியா வாங்கிக் கொடுத்திருக்கிறாள். சொந்தபந்தம் முன்னால் செய்த சத்தியத்தைத் திரும்ப வாங்க முடியாமல், தம்பியின் கொட்டகைக்கு வந்து நின்று அவள் சொன்னது இதுதான்: "வண்டி போச்சுன்னா ஞாயித்துக்கிழமை பூரா அந்த ஆளு வீட்டுலயே இருப்பாருடா."