நல்ல நேரத்தில் படுத்துவிட்ட கடை

எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். மற்றதெல்லாம் போனில் பேசி அனுப்புவதுதான். ஆரணியிலும் முள்ளிப்பட்டிலும் எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் என் குரல்தான் முதலில் போகும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. கொஞ்சம் என்ன, நிறையவே.

என் மருமகள் பல வருஷமாக எங்கள் தெரு பட்டு முதலாளியிடம் தறிக்குப் பாவு நூல் வாங்கி நெய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டும் ஜரிகையும் அவருடையது, கூலி மட்டும் எங்களுடையது. போன ஆவணியில், இனி என் புடவையை நானே விற்கிறேன் என்று நின்றுவிட்டாள். வேலூரில் ஒரு பெண்ணைப் பிடித்து இன்டர்நெட்டில் கடை போட்டாள். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. "செய்ம்மா, செய். எத்தினி நாளைக்குன்னு நானும் பாக்கறேன்" என்று நாலு பேர் எதிரில் சொன்னார்.

அது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் பக்கம் புதுக்கடை திறந்தால் நல்ல நேரத்தில் சொந்தபந்தம் எல்லாம் உள்ளே நுழைந்து போணி பண்ண வேண்டும். முதல் நாளே கடை வெறிச்சோடிக் கிடந்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். போனில் திறந்தாலும் கடை கடைதானே? திறப்புக்கு முதல் நாள், மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லா குரூப்பிலும் அவள் கடை லிங்கைத் தள்ளிவிட்டு, கூடவே பேசி அனுப்பினேன்.

"நாளைக்கு காலைல நல்ல நேரம் பொறந்ததும் எல்லாரும் ஒண்ணா உள்ள போங்க. தொறக்கலன்னா வுட்டுடாதீங்க, அமுக்கிகினே இருங்க. தெரிஞ்சவங்களுக்கும் அனுப்புங்க."

முதலாளிக்கும் தனியாக அனுப்பினேன். என் பேச்சுக்கு எத்தனை வீடு எழுந்து நிற்கிறது என்று அவரும் பார்க்கட்டுமே.

மறுநாள் சாமிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு மருமகள் போனைத் திறந்தாள். பெங்களூரில் ஒரு குடும்பம் கல்யாணப் புடவைகளை அந்த நேரத்தில்தான் பார்ப்பதாகச் சொல்லியிருந்தது.

"அத்தை, வட்டம் சுத்திகினே கீது. கடை தொறக்கவே மாட்டேங்குது."

பெங்களூர்க்காரர்கள் இரண்டு தடவை கூப்பிட்டார்கள். மூன்றாவது தடவை, வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். மருமகள் அழுதுகொண்டே வேலூர்ப் பெண்ணைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"அக்கா, யாரும் உள்ள பூந்து திருடல. கடை வாசல்ல ஒரே நேரத்துல ஏகப்பட்ட பேர் வந்து நின்னா, வாங்க வர்றவங்க எப்படி நுழைவாங்க? அப்படித்தான் படுத்துடுச்சு. கெட்டவங்க இதையே வேணும்னு செய்வாங்க. ஊர்ல இருக்கறவங்க கம்ப்யூட்டரு, கேமரா எல்லாத்தையும் அவங்களுக்கே தெரியாம வளைச்சுப் போட்டு, மொத்தத்தையும் ஒரு கடை மேல ஏவி வுடுவாங்க. டினையல் ஆஃப் சர்வீஸ்னு பேரு."

"இதுவும் அதானா?" என்றாள் மருமகள்.

"அதுன்னா பல தேசத்துலேந்து வரும். இது முக்காவாசி நம்ம பக்கத்து போனுங்க. தொறக்கல தொறக்கலன்னு திரும்பத் திரும்ப வந்துகினு இருந்திருக்காங்க. ஏன்னுதான் புரியல."

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் தெருவில் பாவு நீட்டும்போது உதவிக்கென்று ஆளாளுக்கு வந்து கை வைத்தால், நூல் அறும் தள்ளிப் போங்கள் என்று கத்துகிறவளே நான்தான். வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மருமகள் எழுந்துவிட்டாள்.

"நம்ம பக்கத்து ஆளுன்னா வேற யாரு? அவருதான் ஆள் வெச்சு பண்ணியிருக்காரு. சைபர் கிரைம்ல அவர் பேர எழுதிக் குடுக்கறேன்."

என் வாய் மூடிக்கொண்டது. மருமகள் என்னைத் திட்டுவாள் என்பதற்காக அல்ல. தெருவில் என் பேச்சு இனி எடுபடாதே என்பதற்காக.

அவள் முதலாளி வாசலில் நின்று கத்தினாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் போனும் கையுமாக வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா."

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க" என்றவள் தெருமுனை ஆட்டோவுக்கு நடந்தாள்.

அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "அக்கா, நீங்க சொன்னீங்களேன்னு எங்க வூட்ல எல்லா போன்லயும் அமுக்கிகினு இருந்தோம். அன்னிக்கு கோவத்துல ஒரு வார்த்தை வுட்டுட்டேன். மொத போணி நம்மளுதா இருக்கட்டும்னு பாத்தேன்."

"அத அவகிட்ட சொல்றதுதானே?"

"உங்கள எப்படிக்கா காட்டிக் குடுக்கறது?"

ஆட்டோ கிளம்புவதற்குள் மருமகளைக் கூவிக் கூப்பிட்டேன். நான் அனுப்பியதை எடுத்துச் சத்தமாகப் போட்டேன். வேடிக்கை பார்க்க வெளியே வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அமுக்கிகினே இருங்க, அமுக்கிகினே இருங்க என்று என் குரல் அதிகாரம் பண்ணியது.

மருமகள் முழுதும் கேட்டாள். ஆட்டோவை விட்டு இறங்கி, "மன்னிச்சுடுங்க மொதலாளி" என்றாள். என்னைத் தாண்டி வீட்டுக்குள் போய்விட்டாள்.

கூட்டம் கலைந்ததும் கடை தானாகத் திறந்துகொண்டது. முதல் ஆர்டர் முதலாளி வீட்டிலிருந்து. மருமகள் புடவையைப் பொட்டலமாகக் கட்டி, கொண்டுபோய்க் கொடுக்க என் மடியில் வைத்தாள். தெருவைக் கடந்தால் அவர் வாசல்தான். அன்றைக்கு எனக்குக் கால் எழவே இல்லை.