கை எடுக்காத நர்மதா

நர்மதாவுக்கு மரியாதை அதிகம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மரியாதை நல்லதுதான், யார் இல்லை என்றது? துடிப்பு நின்றுபோன நெஞ்சின் மேல் கை வைத்திருக்கும்போதுமா மரியாதை?

நாங்கள் இருவரும் ஒரே ஆம்புலன்ஸ். நான் மோகன்குமார், வண்டி ஓட்டுகிறவன். அவள் வெண்ணந்தூர்க்காரி, நோயாளியைப் பார்ப்பவள். அவள் வீட்டில் எந்நேரமும் விசைத்தறி ஓடும். அதைத் தாண்டிக் கூப்பிட்டே வளர்ந்ததால் தொண்டை கணீரென்று இருக்கும். சேலத்தில் நடந்த பயிற்சியில் அவள் பொம்மையின் நெஞ்சை அழுத்தியதைப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் ஈஸ்வர் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆழம், வேகம் இரண்டும் அவ்வளவு கச்சிதம்.

ஆனால் பொம்மை வாயைத் திறந்து எதுவும் கேட்காதே!

எங்கள் பக்கத்தில் ஆள் மூச்சில்லாமல் கிடந்தாலும், வந்தவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தாக வேண்டும். "எந்தூரு அம்மிணி நீ?" என்று யாராவது ஒரு பெரியவர் கேட்பார். இவள் உடனே அழுத்துவதை நிறுத்தி நிமிர்ந்து, "வெண்ணந்தூருங்க, குமாரசாமி பொண்ணுங்க" என்பாள். "எந்தக் குமாரசாமி?" என்பார் அவர். அதற்கும் ஒரு நிறுத்தம். நெஞ்சில் ஒட்டுகிற ஷாக் மெஷின் அத்தனையையும் பதிவு செய்துவிடும். ஒரு நாள் ஈஸ்வர் அதை எடுத்துக் காட்டினார். கோடு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது.

"நீ கையெடுக்கற ஒவ்வொரு வாட்டியும் மூளைக்குப் போற ரத்தம் நின்னுபோகுதும்மா" என்றார்.

அன்று அவள் டீயைக்கூடத் தொடவில்லை. "நான் அமுத்துன ஒருத்தருகூட இன்னும் கண்ணு முழிக்கலீங்ணா. என்னாலதானுங்களா?" என்று அழுதாள். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "இனிமே நீ வாயத் தொறக்காத. கேக்கறவங்களுக்கெல்லாம் நான் பதில் சொல்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன். ஆட்களோடு பேசப் பிடிக்காமல்தான் நான் ஸ்டியரிங்கையே பிடித்தேன்.

அடுத்த வாரமே ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கெடா விருந்து. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த விவசாயி சின்னுசாமி, குழம்பு வாளியோடு சாய்ந்துவிட்டார். நாங்கள் போனபோது பந்தலில் இருந்த கூட்டமே அவர் மேல் கவிழ்ந்து நின்றது. நர்மதா மெஷினை ஒட்டிவிட்டு அழுத்தத் தொடங்கினாள்.

"என்ற தம்பி பொழச்சுக்குவானா? நீ எந்தூரு அம்மிணி?" என்றார் அவருடைய அக்கா ஜானகியம்மாள்.

நர்மதாவின் கை தயங்கியது. நான் பாய்ந்தேன். "அவ வெண்ணந்தூருங்க, குமாரசாமி பொண்ணுங்க. நான் எலச்சிபாளையமுங்க."

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் எந்த விசேஷத்துக்கும் போவதில்லை. "இன்னும் பொண்ணே அமையலீங்க" என்றேன்.

அவ்வளவுதான்! நர்மதாவின் தோளில் இடித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே என் பக்கம் திரும்பியது. சம்பளம் என்ன, தோட்டம் எத்தனை ஏக்கர், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா? எல்லாம் சொன்னேன். அவளுக்குக் கை ஓய்ந்தபோது நான் குனிந்து அழுத்தினேன். அழுத்திக்கொண்டே ராசியும் நட்சத்திரமும் சொன்னேன்.

"தோசம் ஏதாச்சும் உண்டுங்களா?"

தரகர்களிடம்கூட மூடி மறைத்தது அது. "செவ்வாய் தோசமுங்க!" என்று மூச்சிரைக்கக் கத்தினேன். "அடப் பாவமே!" என்றது பந்தல்.

"அல்லாரும் அக்கட்டால போங்க!" என்று நர்மதா போட்ட சத்தத்தில் கூட்டம் பின்வாங்கியது. பெரியவர்களைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஷாக் கொடுத்தோம். உடனே மறுபடி கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சின்னுசாமி முனகினார், நாடி ஓடியது. கண் விழிப்பாரா என்பது தெரியாமலே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிட்டு வந்தோம்.

ஷாக் கொடுத்த நேரம் தவிர மெஷினின் பதிவில் இடைவெளியே இல்லை என்று ஈஸ்வர் பாராட்டினார். நர்மதா சிரிக்கவில்லை. "அவரு முழிச்சாருங்களாண்ணா?" என்று என்னையே கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து, வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினார் சின்னுசாமி. "நெஞ்செலும்பு இன்னும் வலிக்குது அம்மிணி. நல்லா இரு சாமி" என்று அவளைக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கண்ணு இருட்டிக் கெடந்தப்ப காது மட்டும் லேசாக் கேட்டுச்சுங்க. செவ்வாய் தோசம்னீங்கல்ல? என்ற அக்கா பேத்திக்கும் அதேதானுங்க."

நர்மதா துள்ளிக் குதித்தாள்.

"நாம அமுத்தறப்பவே காது கேட்டிருக்குங்ணா! மூளைக்கு ரத்தம் போயிருக்கு! நீங்களும் நல்லாத்தான் அமுத்தியிருக்கீங்க!" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

"ஆமா, நீ எந்தக் குமாரசாமி பொண்ணு?" என்றார் சின்னுசாமி.

நர்மதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தாத்தா பெயரிலிருந்து நிதானமாகத் தொடங்கினாள். நான் ஜாதகத்தை எடுக்க வண்டிக்கு ஓடினேன்.