மூடிய இலைமேல் சாம்பார் வாளி

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக்கே என் சாம்பார் வாளிக்கு அடி கழன்று விழட்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவனுக்கு முகம் பார்க்கத் தெரிய வேண்டாம், இலை பார்க்கத் தெரிந்தால் போதும். விரிந்த இலைக்குச் சோறு. சாப்பிடுகிறவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டால் போதும் என்று அர்த்தம், அப்புறம் அங்கே நிற்கக்கூடாது. வாளி தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போன என் இனத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

லோரிக்காரர்

கிள்ளான் துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டிவரும் சேகரன் மத்தியானம் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார். பெஞ்சின் ஒரு முனையில் அவர் உட்கார்ந்தால் மறுமுனையில் இருப்பவர் மேலே போவார். அவர் எழுந்திருக்கும்வரை கால் தரையில் படாமல் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர் ஏப்பம் விட்டால், ரயில் கிளம்பிவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடியவர்களும் உண்டு.

அந்த மனிதருக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. கிளட்ச் மிதிக்கிற கால். ஓப்பரேஷன்தான் வழி, ஆனால் எடை குறைந்தால்தான் கத்தி வைப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கால் போனால் லோரி போகும், பந்திங்கில் இருக்கும் அவர் வீட்டுக்கு வேறு சம்பாத்தியம் கிடையாது. இத்தனையும் மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார். கடைசியில், "எடையை நாளைலேர்ந்து குறைக்கலாம்லா அங்கிள், இப்ப கொஞ்சம் ரசம் ஊத்துங்க."

ஊசி

பங்சாரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கலாவுக்கு ஒருநாள் சேகரனின் பெஞ்சில்தான் இடம் கிடைத்தது. மேலே போனபடியே அவருடைய முழங்கால் கதையைக் கேட்டார். பிறகு விளக்கினார். உடம்பிலுள்ள கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம். லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து ரத்தத்தில் விடுமாம். அது மூளைக்குப் போய், கையிருப்பு நிறைய இருக்கிறது, அவசரப்பட்டுத் தின்ன வேண்டாம் என்று சொல்ல, மூளை பசியை அடக்குமாம்.

சேகரனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப அந்த லெப்டினையே ஊசியா போட்டுடுங்க டாக்டர்" என்றார். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்குத்தான் அந்த ஊசி பலிக்கும் என்று சொல்லிவிட்டு, டாக்டர் அப்பளத்தை உடைத்தார். "உங்களுக்கு லெப்டின் ஏராளமா இருக்கு சேகரன். அது கத்திக்கிட்டேதான் இருக்கு, உங்க மூளைதான் காதுல போட்டுக்க மாட்டேங்குது."

காத்தாடி

ஏன் போட்டுக்கொள்ளாது என்று சேகரனுக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. விளங்கவைத்தவர் முதலாளியின் மச்சான் மோகன். செராஸில் ஹார்ட்வேர் கடை வைத்திருப்பவர், ஆள் பற்றாத ஒரு வாரம் எங்களுக்குப் பரிமாற வந்தார். அவருக்குக் கொடுத்தது கூரையில் சுற்றும் பெரிய காத்தாடிக்குக் கீழே உள்ள மேசைகள். அங்கே போட்ட இலை காற்றில் தானாக மடிந்துகொள்ளும். மடிந்த இலையைப் பார்த்து மோகன் மரியாதையாக விலகிப் போக, ஒரு பருக்கைகூடச் சாப்பிடாதவர்கள் சத்தம் போட்டார்கள். அதற்கப்புறம் அவர் மடிப்பையே நம்பவில்லை. யார் மடித்தாலும் பிரித்துச் சோற்றைக் கொட்டினார். மறுக்கக் கூச்சப்பட்டுச் சாப்பிட்ட ஒருவரை டாக்சிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்த, வெளியிலிருந்து இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது.

டாக்டரின் இலையையும் மோகன் பிரித்தார். டாக்டர் கோபப்படவில்லை. "மூளை ஏன் காதுல போட்டுக்கறதில்லைன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா ஏறக்குறைய இதான். போதும் போதும்னு ஓயாம தகவல் வந்தா, மூளை அதைக் கண்டுக்கறதை விட்டுடுது" என்றார். சேகரன் மோகனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப என் மண்டைக்குள்ள வாளியோட நிக்கிறது இந்த மச்சான்தானா?"

பஞ்சம்

சேகரன் குறைக்க ஆரம்பித்தார். ஒரு தடவைதான் சோறு, மற்றதெல்லாம் காய்கறி. எடை இறங்கியது, பசி ஏறியது. கொழுப்பு கரைந்தால் லெப்டினும் விழும், உடனே மூளை பஞ்சம் வந்துவிட்டது என்று பதறும் என டாக்டர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "நான் கேட்டாலும் போடாதீங்க அங்கிள்" என்று வாசலில் சொல்லிவிட்டு வந்த ஆள், மடித்த இலையைத் தன் கையாலேயே பிரிப்பார்.

விரிந்த இலைக்கு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அதனால் விரியவே விடாமல் செய்தேன். அவர் மடித்த மறுநொடி, நிறைந்த சாம்பார் வாளியைத் தூக்கி இலைமேல் வைத்தேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். மேசை நகர்ந்தது, இலை நகரவில்லை. வாளியின் பிடியில் கை வைத்தார். "வயசுக்கு மரியாதை கொடுத்து வாளியைக் கவுக்காம இருக்கேன் அங்கிள்."

தினமும் இதே கதைதான். மற்ற மேசைக்காரர்கள் சாம்பாருக்குக் காத்துக் கிடந்தார்கள்.

கிளட்ச்

கடைசியில் ஆஸ்பத்திரி சம்மதித்தது, ஓப்பரேஷனும் நடந்தது. சில மாதம் கழித்து ஒரு மத்தியானம், தெருவையே அடைத்துக்கொண்டு கடை வாசலில் ஒரு லோரி நின்றது. சேகரன் யார் தோளையும் பிடிக்காமல் இறங்கி வந்தார். அவர் உட்கார்ந்தபோது பெஞ்சில் எதிர்முனைக்காரர் இருந்த இடத்திலேயே இருந்தார். சேகரன் ஒரு தடவை சோறு வாங்கினார், சாப்பிட்டார், இலையை மடித்தார். பிறகு என் கையிலிருந்த வாளியை வாங்கித் தானே இலைமேல் வைத்துக்கொண்டார்.

"இன்னுமா?" என்று கேட்டேன்.

"பசி அப்படியேதான்லா இருக்கு அங்கிள். கிளட்ச்தான் லேசாயிடுச்சு."

ஆயுசு முழுக்கச் சோறு போட்டும் வாங்காத நல்ல பெயரை ஒருவருக்குப் போடாமல் இருந்து வாங்கியிருக்கிறேன், ஆனால் கேட்கக் கேட்கப் போடும் கடை என்று பலகை மாட்டியிருக்கும் எங்கள் முதலாளி விசாரித்தால், இதைச் சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள்.