சர்க்கரைத் தண்ணீரில் எரிந்த விளக்கு

எங்கள் வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் மிளகாய் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அவருக்கு மூக்குக்கு மேல் கோபம். பதினேழு வருஷமாக அவருடைய ஆய்வகத்தில் குடுவை கழுவியவன் நான். அந்தக் கோபத்தில் பாதியை வாங்கிக் கட்டிக்கொண்டவனும் நானே. காரணமில்லாமல் அவர் ஒருநாளும் சீறியதில்லை.

சகப்பிணைப்புப் பாடத்துக்கு இரண்டு பெண்களை முன்னால் நிறுத்துவார்.

"ஆளுக்கொரு பென்சில் எடுங்க. இப்ப ரெண்டு பென்சிலையும் ரெண்டு பேருமே பிடிங்க. ஒருத்தி மட்டும் எடுத்துக்கிட்டு ஓட முடியுமா?"

"முடியாது டீச்சர்!"

"அதான் சகப்பிணைப்பு. இங்க குடுத்தவளும் இல்ல, வாங்கினவளும் இல்ல. சர்க்கரை தண்ணியில கரைஞ்சாலும் மூலக்கூறு முழுசாத்தான் இருக்கும். மின்சாரத்தச் சுமந்துட்டுப் போக அங்க அயனியே கிடையாது."

இவ்வளவு அழகாக நடத்துகிறவர், செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு எல்லா ஆசிரியர்களும் செய்வதைத்தான் செய்வார். கண்ணால் பார்த்து எழுத வேண்டியதைப் பார்ப்பதற்கு முன்பே பலகையில் எழுதிப் போடுவார். 'உப்புக் கரைசல்: விளக்கு எரிகிறது. சர்க்கரைக் கரைசல்: விளக்கு எரியவில்லை.' பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். இதற்குப் பெயர் செய்முறையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் குடுவை கழுவுகிறவன் சொன்னால் யார் கேட்பார்கள்?

அந்த வருஷம் தேர்வன்று காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோயிருந்தது. அலுவலகத்தில் மூன்று முறை கேட்டாயிற்று, "வரும், வரும்" என்றார்கள். வரவில்லை. குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றினேன். வாளியின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. பேட்டரியோடும் விளக்கோடும் இணைத்த இரண்டு கம்பிகளைச் சர்க்கரைக் கரைசலில் விட்டதும் சின்னச் சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. முப்பது பிள்ளைகளும் பார்த்தார்கள். இருபத்தொன்பது பேர் 'எரியவில்லை' என்று எழுதினார்கள்.

கடைசி மேசைப் பெண் மட்டும் 'மங்கலாக எரிந்தது' என்று எழுதினாள். அதோடு விடவில்லை. சர்க்கரை போடாத தண்ணீரிலும் கம்பியை விட்டுப் பார்த்து, 'வெறும் தண்ணீரிலும் எரிகிறது, எனவே காரணம் தண்ணீரில் உள்ள உப்பு, சர்க்கரை அல்ல' என்று எழுதியிருந்தாள். வாயே திறக்காத பெண். மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு கிடைக்க அவளுக்கு ஒவ்வொரு மதிப்பெண்ணும் வேண்டியிருந்தது.

வேறு பள்ளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுக்குப் பத்துக்கு இரண்டு போட்டார்.

டீச்சர் கொதித்துப்போனார். "எதுக்கு சார் ரெண்டு?"

"விடைக்குறிப்புல எரியாதுன்னு இருக்கு டீச்சர்."

"அண்ணே, அந்தக் குழாய்த் தண்ணிய எடுத்துட்டு வாங்க!" என்று என்னிடம் கத்தினார். கொண்டுவந்து வைத்தேன். கம்பிகளை முக்கினார். "இப்ப சொல்லுங்க சார். எரியுதா, இல்லையா?"

தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எரியுதுதான். அதுக்காக? மத்த இருபத்தொம்பது பேரும் எரியலன்னுதானே எழுதியிருக்காங்க. ஊரோட ஒத்துப்போனா என்ன?"

"அப்ப அந்த இருபத்தொம்பது பேருக்கும் பூஜ்யம் போடுங்க! பாத்தத எழுதினவளுக்கு ரெண்டு, பாக்காதத எழுதினவங்களுக்குப் பத்தா? என் கையெழுத்து இல்லாம இந்தப் பட்டியல் வெளிய போகாது. நான் போடமாட்டேன். நீங்க ராத்திரி இங்கயே படுத்துக்கோங்க!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்க எனக்கும் நாக்கு துடித்தது. அரை மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "சரிம்மா, பத்தே போட்டுடறேன், ஆள விடுங்க" என்று விடைத்தாளை எடுக்கத் திரும்பினார்.

விடைத்தாள் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. கத்தல் கேட்டு உள்ளே வந்தவளை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கீழே 'விளக்கு எரியவில்லை' என்று எழுதியிருந்தாள்.

"இப்ப சரியா இருக்கு" என்றார் தேர்வாளர். பத்து போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"ஏன்டி இப்படிப் பண்ணின?" டீச்சரின் குரல் உடைந்துவிட்டது.

"நீங்க போர்டுல போட்டது இதுதானே டீச்சர்? நான்தான் தப்பா எழுதிட்டேன். என்னாலதானே உங்களுக்குச் சண்டை?"

டீச்சர் அவள் தோளைப் பிடித்து மேசைப் பக்கம் திருப்பினார். கம்பிகள் இன்னும் தண்ணீரில்தான் இருந்தன. விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"மார்க்க விடு. எனக்காகச் சொல்லு. எரியுதா, எரியலையா?"

அவள் விளக்கைப் பார்த்தாள். தேர்வாளரைப் பார்த்தாள். டீச்சரின் முகத்தையும் பார்த்தாள்.

"எரியல டீச்சர்" என்றாள்.